பழைய வரைபடத்தில் நம் ஊர், நம் குடும்பம்

ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடநூலில் 'நிலவரைபடத் திறன்கள்' என்றொரு பாடம் உண்டு. அளவை, திசை, முறைக்குறியீடுகள், அட்சக் கோடு, தீர்க்கக் கோடு எல்லாம் அதில் வருகின்றன. மாணவர்கள் படிக்கிறார்கள், தேர்விலும் எழுதிவிடுகிறார்கள். ஆனால் தங்கள் ஊர் இடம்பெற்ற நிலவரைபடத்தை ஒருமுறையேனும் மேசையில் விரித்துப் பார்த்தவர்கள் அவர்களில் மிகச் சிலரே.

ஒரகடம் வட்டாரத்தில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். இந்தப் பாடத்தை 6 பாடவேளைகளாகப் பிரித்து, பழைய வரைபடங்களின் படிகளைக் கொண்டு நடத்தி வருகிறேன். ஊர் வரலாற்றையும் குடும்ப வரலாற்றையும் மாணவர்கள் தாங்களே தேடிக் கண்டுபிடிக்க இந்த முறை உதவுகிறது. செலவு மிகக் குறைவு. எந்த ஊரிலும் செய்யலாம். தொடக்கப் பள்ளிக்கு ஏற்றபடி எளிமைப்படுத்தவும் முடியும். செய்துபார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்காக அதன் படிநிலைகளை இங்கே தருகிறேன்.

இந்த வட்டாரத்துக்கு இந்தப் பாடம் ஏன் தேவை?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதி ஒரு தலைமுறைக்குள் அடையாளம் மாறிய நிலம். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார் உற்பத்தி தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் பெரிய கைப்பேசித் தொழிற்சாலை வந்தது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் ஆலையும், 2012இல் டெய்ம்லர் சரக்குந்து ஆலையும் திறக்கப்பட்டன. இன்று என் வகுப்பில் இருப்பவர்கள் அநேகமாக அந்த ஆலைகளின் வயதை ஒத்தவர்கள். சிப்காட் சாலையும் கண்டெய்னர் வண்டிகளும் அவர்களுக்கு என்றும் இருந்தவை போலத் தோன்றுகின்றன. அங்கே கழனி இருந்ததையோ, மாட்டுவண்டிப் பாதை போனதையோ அவர்கள் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.

வகுப்பில் மூன்று வகைக் குடும்பங்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். நிலம் வைத்திருந்து, பின்னர் தொழிற்பேட்டைக்குக் கொடுத்தவர்கள் அல்லது மனைகளாக விற்றவர்கள் ஒரு வகை. தலைமுறை தலைமுறையாகப் பிறர் கழனியில் நட்டு, களையெடுத்து, அறுத்து வாழ்ந்தவர்கள் இன்னொரு வகை. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கங்களில் இருந்தும், ஒடிசா, பீகார் போன்ற மாநிலங்களில் இருந்தும் வேலைக்கு வந்தவர்கள் மூன்றாம் வகை.

'வீட்டில் இருக்கும் பழைய பட்டாவைக் கொண்டு வாருங்கள்' என்று பாடத்தைத் தொடங்கினால் முதல் வகைப் பிள்ளைகள் மட்டுமே பேசுவார்கள். மற்ற இரு வகையினரும் தமக்கு வரலாறே இல்லை என்று நினைத்துவிடுவார்கள். ஆகவே இந்தப் பாடத்துக்கு ஒரே ஒரு விதியை வைத்துக்கொண்டேன்: பொது இடத்தில் தொடங்க வேண்டும். ஏரி, கால்வாய், வண்டிப்பாதை, மேய்க்கால், களத்துமேடு, கோயில் ஆகியவை முதலில். பிறகு வீடு. தனியார் நிலம் கடைசியில். அதுவும் குடும்பத்தார் விரும்பினால் மட்டும்.

நம் சீமையின் அளவை வரலாறு

பழைய செங்கல்பட்டுச் சீமையில் பணியாற்றும் ஆசிரியர்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. இந்தியாவில் மிக முன்னதாகவே விரிவாக அளந்து பதிவு செய்யப்பட்ட பகுதிகளில் இதுவும் ஒன்று. ஆற்காடு நவாப் 1763இல் இந்தப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். வரி வருமானத்தைக் கணக்கிட வேண்டிய கம்பெனி, தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளரை அளவைப் பணியில் ஈடுபடுத்தியது. 1767 முதல் 1774 வரை நடந்த அந்த அளவையில் ஏறத்தாழ 2,000 ஊர்கள் பதிவாயின. ஒவ்வோர் ஊரிலும் எத்தனை வீடுகள், என்னென்ன தொழில் செய்வோர், நஞ்செய் எவ்வளவு, புஞ்செய் எவ்வளவு, ஏரிக்கும் தோப்புக்கும் உரிய பரப்பு எவ்வளவு என்ற விவரங்கள் அதில் உள்ளன. இவற்றுக்கு அடிப்படையான ஊர்க் கணக்குகள் பனையோலையில் தமிழில் எழுதப்பட்டவை. அந்த ஓலைகள் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும், ஆங்கிலத் தொகுப்புகள் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் உள்ளன. இந்தக் கணக்குகளின் அருமையைப் பரவலாக எடுத்துச் சொன்னவர் காந்தியச் சிந்தனையாளர் தரம்பால்.

அடுத்த முக்கிய நிகழ்வும் நமக்கு அருகில்தான் நடந்தது. 1802 ஏப்ரல் 10ஆம் நாள் வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளத்தை எஃகுச் சங்கிலி கொண்டு அளந்தார்கள். அந்த ஒரு கோட்டை அடிப்படையாக வைத்து, முக்கோணம் முக்கோணமாக நாடு முழுவதையும் கணக்கிட்டதே மாபெரும் முக்கோணவியல் அளவை. இமயமலைச் சிகரங்களின் உயரம் வரை அந்தக் கணக்கு போய்ச் சேர்ந்தது. 'எவரெஸ்டின் உயரத்தை அளக்கும் வேலை நம் பரங்கிமலையில் தொடங்கியது' என்று சொல்லிப் பாருங்கள். வகுப்பு நிமிர்ந்து உட்காரும். கிண்டிப் பொறியியல் கல்லூரியின் தொடக்கமும் 1794இல் நில அளவையாளர்களைப் பயிற்றுவிக்க ஏற்பட்ட ஒரு பள்ளிதான் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

என்னென்ன வரைபடங்கள், எங்கே கிடைக்கும்?

மூன்று வகை போதும்.

முதலாவது, இந்திய நில அளவைத் துறையின் நிலக்குறியீட்டு வரைபடம். பழைய தாள்கள் ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவையில், அதாவது 1:63,360 என்று அமைந்தவை. மெட்ரிக் முறைக்குப் பிறகு வந்தவை 1:50,000. தற்போதைய பொதுப் பயன்பாட்டுத் தாள்களை அத்துறையின் இணையதளத்தில் பதிவு செய்து இலவசமாகத் தரவிறக்கலாம். பழைய தாள்களை நூலகங்களிலும் கல்லூரிப் புவியியல் துறைகளிலும் கேட்டுப் பார்க்கலாம். 'தடைசெய்யப்பட்டது' என்று அச்சிட்ட பழைய தாளை வகுப்புக்குக் கொண்டுவர வேண்டாம்.

இரண்டாவது, 1950களில் அமெரிக்க இராணுவ வரைபடச் சேவை வெளியிட்ட 1:2,50,000 அளவைத் தாள்கள். டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத்தின் இணையதளத்தில் இவை இலவசமாகக் கிடைக்கின்றன. அளவு சிறியதுதான். ஆனாலும் பெரிய ஏரிகள், சாலைகள், ஊர்ப் பெயர்கள் 70 ஆண்டுகளுக்கு முன் எப்படி இருந்தன என்று காட்ட இவை போதும்.

மூன்றாவது, வருவாய்த் துறையின் கிராம வரைபடம். புல எண்கள், ஏரி, கால்வாய், பாதை, நத்தம், எல்லைக் கற்கள் எல்லாம் அதில் இருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் தலைமையாசிரியர் கடிதத்துடன் சென்றால் பார்க்க இசைவார்கள். தனித்தனிப் புலத்தின் புலப்படமும் 'அ' பதிவேட்டு விவரமும் அரசின் நிலச் சேவை இணையதளத்திலேயே கிடைக்கின்றன. 1980களில் நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தை ஊரில் 'யூ.டி.ஆர்.' என்பார்கள். அதற்கு முந்தைய ஆவணங்களில் ஏக்கர், சென்ட் என்றும், பிந்தையவற்றில் ஹெக்டேர், ஏர் என்றும் பரப்பு எழுதப்பட்டிருக்கும். இரண்டையும் ஒப்பிடும்போது இதை நினைவில் கொள்ள வேண்டும்.

தாள் எண்ணைக் கண்டுபிடிப்பதே ஒரு நல்ல செயல்பாடு. இந்தியாவும் சுற்றுப்பகுதியும் 4 பாகைக்கு 4 பாகை என்ற சதுரங்களாகப் பிரிக்கப்பட்டு எண்ணிடப்பட்டுள்ளன. ஒவ்வொரு சதுரமும் 1 பாகை அளவுள்ள 16 கட்டங்களாகப் பிரிந்து, ஆங்கில எழுத்து வரிசையில் முதல் எழுத்து தொடங்கிப் பதினாறாம் எழுத்து வரை பெயர் பெறும். எழுத்துகள் மேலிருந்து கீழாக, மேற்கிலிருந்து கிழக்காகச் செல்லும். அந்தக் கட்டம் ஒவ்வொன்றும் 15 கலை அளவுள்ள 16 சிறு கட்டங்களாகப் பிரிந்து 1 முதல் 16 வரை எண் பெறும். ஒரகடம் ஏறத்தாழ வடக்கு அட்சம் 12 பாகை 50 கலை, கிழக்குத் தீர்க்கம் 79 பாகை 57 கலையில் உள்ளது. கணக்கிட்டால் 57ஆம் சதுரம், பதினாறாம் எழுத்து, 13ஆம் எண் என்று வரும். ஸ்ரீபெரும்புதூரும் அதே தாளில்தான். சற்றுக் கிழக்கே 80 பாகைக் கோட்டைத் தாண்டினால் 66ஆம் சதுரம். குன்றத்தூரும் தாம்பரமும் அங்கே போய்விடும்.

படி எடுக்கும்போது மூன்று எச்சரிக்கைகள்

ஒன்று: நகல் கடையில் பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் '1:63,360' என்ற எண் பொருந்தாமல் போகும். கீழே உள்ள கோட்டு அளவை படத்தோடு சேர்ந்தே பெரிதாவதால் அது மட்டும் சரியாக இருக்கும். கோட்டு அளவையையும் சேர்த்துப் படி எடுங்கள்.

இரண்டு: தாளின் ஓரத்தில் அளவை செய்த ஆண்டு, அச்சிட்ட ஆண்டு என இரண்டு இருக்கும். இடையே பல ஆண்டுகள் இடைவெளி இருக்கக்கூடும். 'இந்த ஆண்டில் இப்படி இருந்தது' என்று சொல்ல அளவை செய்த ஆண்டையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று: ஊர்ப் பெயர்களில் கவனம் தேவை. ஒரகடம் என்ற பெயரில் இங்கே ஓர் ஊர், திருக்கழுக்குன்றம் பக்கம் ஓர் ஊர், அம்பத்தூர்ப் பகுதியில் ஓர் இடம் என மூன்று உள்ளன. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் மூன்றும் அடங்கும். அந்த மாவட்டம் 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் எனப் பிரிந்தது. 2019இல் காஞ்சிபுரத்தில் இருந்து இன்றைய செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்தது. பழைய ஆவணத்தில் மாவட்டப் பெயரை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது. அருகில் உள்ள ஊர்களையும் பார்க்க வேண்டும். ஆங்கிலேயர் செங்கல்பட்டைச் 'சிங்கிள்புட்' என்றும், காஞ்சிபுரத்தைக் 'காஞ்சீவரம்' என்றும் எழுதினார்கள். எழுத்தைப் பார்க்காமல் வாய்விட்டு ஒலித்துப் பார்த்தால் பல ஊர்கள் பிடிபடும்.

ஆறு பாடவேளைகள்

முதல் பாடவேளை: நினைவு வரைபடம். எந்த வரைபடத்தையும் காட்டாமல், வீட்டில் இருந்து பள்ளிக்கு வரும் வழியை ஒரு தாளில் வரையச் சொல்கிறேன். வழியில் உள்ள நீர்நிலை, பெரிய மரம், கோயில், தேவாலயம், பள்ளிவாசல், கடை, தொழிற்சாலை வாயில் எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். யாருக்கும் 'தெரியாது' என்று சொல்ல இடமில்லாத செயல்பாடு இது. போன மாதம் ஊருக்கு வந்த பிள்ளையும் இதை வரையும்.

இரண்டாம் பாடவேளை: இரண்டு தாள்கள். 4 பேர் கொண்ட குழுவுக்குப் பழைய தாளின் படி ஒன்றும், இன்றைய தாளின் படி ஒன்றும் தருகிறேன். பழைய தாளில் நீல நிறப் பகுதிகளை மட்டும் டிரேசிங் தாளில் வரைய வேண்டும். அதை இன்றைய தாளின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் வெவ்வேறு அளவையில் இருப்பதால் நேராகப் பொருந்தாது. இங்கேதான் கணக்கு உள்ளே வருகிறது. பழைய தாளில் 1 அங்குலம் என்பது நிலத்தில் 1 மைல், அதாவது ஏறத்தாழ 1.6 கிலோமீட்டர். புதிய தாளில் 2 சென்டிமீட்டர் என்பது 1 கிலோமீட்டர். ஆகவே பழையதில் 1 அங்குலம் இருக்கும் ஏரிக்கரை புதியதில் 3.2 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். குறைந்திருந்தால் ஏன் என்ற கேள்வி தானாகவே எழும். பிறகு கூகுள் எர்த்தின் கால வரிசைப் படங்களைக் காட்டலாம். 1984 முதலான மாற்றத்தை அதில் ஓட்டிப் பார்க்க முடியும்.

மூன்றாம் பாடவேளை: ஏரிக்கரை நடை. தலைமையாசிரியர் அனுமதி, பெற்றோர் ஒப்புதல், உடன் இரண்டு ஆசிரியர்கள் என்பவை கட்டாயம். மழைக்காலத்தில் வேண்டாம், நீரில் இறங்கவும் வேண்டாம். கையில் வரைபடப் படியுடன் கரையில் நடந்து மதகு, கலங்கல், வரத்துக்கால்வாய், போக்குக்கால்வாய் ஆகியவற்றை அடையாளம் காண வேண்டும். இந்த வட்டாரத்து ஏரிகள் சங்கிலித் தொடர் போன்றவை. ஓர் ஏரியின் கலங்கல் நீர் அடுத்த ஏரிக்கு வரத்தாகி, கடைசியில் அடையாற்றில் சேரும். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைப் பிள்ளைகள் பெற்றோர் வாயிலாகக் கேட்டிருப்பார்கள். மேலே உள்ள ஏரிகளின் உபரி நீர் எந்த வழியாகக் கீழே போகும் என்று பழைய தாளில் விரலால் பின்தொடரச் சொன்னால், நீர்வழி என்றால் என்ன என்பதற்குத் தனியாக விளக்கம் தேவைப்படாது.

நான்காம் பாடவேளை: பெரியவர்களிடம் கேட்டல். வரைபடப் படியை வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறேன். 'உங்கள் காலத்தில் எப்படி இருந்தது?' என்று பொதுவாகக் கேட்டால் 'நல்லாத்தான் இருந்தது' என்ற விடையே வரும். ஆகவே கேள்விகள் குறிப்பாக இருக்க வேண்டும். குடிநீர் எங்கே எடுத்தீர்கள்? மாட்டை எங்கே மேய்த்தீர்கள்? நெல்லை எந்தக் களத்தில் அடித்தீர்கள்? கலியாணமாகி வந்தபோது எந்த வழியாக இந்த ஊருக்குள் நுழைந்தீர்கள்? ஏரி நீரைத் திறந்து விட்டவர் யார்? இந்த இடத்துக்கு ஊரில் என்ன பெயர்? ஒவ்வொரு விடையையும் படியில் ஒரு புள்ளியாக வைத்து எண்ணிட வேண்டும். பெரியவருக்கு வரைபடம் படிக்கத் தெரியாவிட்டால், ஏரியையும் கோயிலையும் மட்டும் பிள்ளை காட்டினால் போதும். மற்றதை அவர்கள் திசை சொல்லியே வைத்துவிடுவார்கள்.

ஐந்தாம் பாடவேளை: குடும்பக் கோடு. ஒரு பக்கம் நான், பெற்றோர், தாத்தா, ஆயா என மூன்று தலைமுறைக் கிளைப்படம். இன்னொரு பக்கம் வரைபடம். ஒவ்வொருவரும் பிறந்த ஊர், வேலை செய்த இடம், வாழ்க்கைப்பட்டு வந்த ஊர் ஆகியவற்றை நூலால் இணைக்க வேண்டும். ஆயாக்களின் நூல்கள் குன்றத்தூர், வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கம் போகின்றன. அப்பாக்களின் நூல்கள் ஆலை வாயிலில் முடிகின்றன. வெளிமாநிலத்தில் இருந்து வந்த பிள்ளைக்கு இங்கே தனி வேலை உண்டு. தன் சொந்த ஊரின் அட்சமும் தீர்க்கமும் பார்த்து, அதன் தாள் எண்ணைக் கணக்கிட வேண்டும். ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்துப் பெர்ஹாம்பூர் 74ஆம் சதுரத்தின் முதல் எழுத்துக் கட்டத்தில் வருகிறது. என் மாணவர் ஒருவர் அதைக் கண்டுபிடித்து, ஊரில் இருக்கும் பாட்டியிடம் கைப்பேசியில் கேட்டுக் கேட்டுத் தம் கிராமத்தின் குளத்தையும் கோயிலையும் வரைந்து கொண்டுவந்தார். ஒரே எண் முறையில் இரண்டு ஊர்களும் அடங்குவதை வகுப்பே பார்த்தது.

ஆறாம் பாடவேளை: கண்காட்சி. குழுக்களின் படிகளைச் சேர்த்து ஒரே பெரிய வரைபடமாகச் சுவரில் ஒட்டி, விவரம் சொன்ன பெரியவர்களைப் பள்ளிக்கு அழைக்கிறோம். அவர்கள் திருத்தம் சொல்வார்கள். 'அந்தக் கிணறு அங்கே இல்லை, பனைமரத்துக்கு இந்தாண்டை' என்று வரும் திருத்தங்களைச் சிவப்பு மையில் குறித்துக்கொள்கிறோம்.

பட்டாவில் பெயர் இல்லாத குடும்பங்கள்

இந்தப் பாடத்தின் உயிரான பகுதி இதுதான். நில ஆவணம் உடைமையாளரின் பெயரைச் சொல்லும். உழைத்தவரின் பெயரைச் சொல்லாது. நம் மாணவர்களில் பலருடைய மூதாதையர் உழைத்தவர்கள்.

என் மாணவி ஒருவரின் ஆயா பிறர் கழனிகளில் நடவு நட்டே வாழ்ந்தவர். சொந்த நிலம் கிடையாது. பேத்தி வரைபடத்தை விரித்தபோது, ஏரியின் கடைமடையில் தொடங்கி, ஒவ்வொரு கழனியின் பெயரையும் அவர் வரிசையாகச் சொல்லியிருக்கிறார். எதில் சேறு ஆழம், எதில் தண்ணீர் நிற்காது, எந்த வரப்பில் உட்கார்ந்து சோறு தின்றார்கள் என்பதையும் சொன்னார். கண்காட்சிக்கு வந்தபோது என்னிடம், "எந்தக் கழனி யாருதுன்னு கேட்டா கணக்குப்பிள்ளையக் கேளுங்க சார். எதுல கால் எவ்ளோ எறங்கும்னு கேட்டா என்னைக் கேளுங்க" என்றார். கிராம வரைபடத்தில் வெறும் புல எண்ணாக இருந்த இடங்களுக்கு அவர் தந்த பெயர்கள் வேறு எந்தப் பதிவேட்டிலும் எனக்குக் கிடைக்கவில்லை. நிலம் வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளைகளும் அவரிடம் வந்துதான் தம் தாத்தாவின் கழனி எது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

நிலமில்லாதோரின் வரலாறு ஆவணங்களிலும் ஓரளவு உண்டு. பர்னார்டு அளவையில் நில விவரத்தோடு வீடுகளும் தொழில்களும் எண்ணப்பட்டன என்று முன்பே சொன்னேன். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர், இந்த மாவட்டத்தின் ஒடுக்கப்பட்ட மக்கள் நிலமின்றி வாழும் நிலையைப் பற்றி 1891இல் அரசுக்கு அறிக்கை அளித்தார். அதன் தொடர்ச்சியாக 1892இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்க அரசாணை வந்தது. அவையே பின்னர் பஞ்சமி நிலம் என்று அறியப்பட்டன. உயர் வகுப்பு மாணவர்களுக்கு இதைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

வகுப்பறையில் கவனிக்க வேண்டியவை

பழைய வரைபடங்களில் குடியிருப்புகள் சாதியின் பெயராலும் 'சேரி', 'காலனி' என்ற சொற்களாலும் குறிக்கப்பட்டிருக்கும். 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களில் இருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்ததை நாம் அறிவோம். படியை வகுப்புக்குக் கொண்டுபோகும் முன் ஆசிரியர் முழுவதும் படித்துப் பார்க்க வேண்டும். அந்தச் சொற்கள் உள்ள இடம் வந்தால் மறைக்கவும் வேண்டாம், உரக்கப் படிக்கவைக்கவும் வேண்டாம். 'அன்று ஆட்சியாளர்கள் மனிதர்களை இப்படிப் பிரித்து எழுதினார்கள். இன்று அப்படி எழுதுவது தவறு' என்று ஆசிரியரே சொல்லிவிட்டு மேலே செல்ல வேண்டும். மாணவர் வரையும் வரைபடத்தில் தெருவின் பெயரையோ, கோயில், மரம் போன்ற அடையாளத்தையோ மட்டும் பயன்படுத்துகிறோம்.

நிலம் பற்றிய பேச்சு சில வீடுகளில் வலி தரும். விற்ற பணம் எப்படிப் போயிற்று, இழப்பீடு போதுமா, பங்காளிகளுக்குள் என்ன வழக்கு என்பவை வகுப்பறைக்கு உரியவை அல்ல. 'எங்க அப்பா அதைப் பற்றிப் பேச மாட்டாரு சார்' என்று ஒரு மாணவர் சொன்னால், அந்த இடத்தை வெற்றிடமாகவே விட்டு மேய்க்காலுக்கோ கோயிலுக்கோ போய்விடலாம். பட்டாதாரர் பெயர்களையும் உரிமை விவரங்களையும் சுவரில் ஒட்டுவதில்லை. வகுப்பில் பயன்படுத்தும் படி எந்த உரிமைக்கும் சான்று ஆகாது என்று பெற்றோருக்கு முன்கூட்டியே எழுதித் தெரிவிக்கிறோம்.

கிளைப்படத்திலும் அதே கவனம் தேவை. தாய் மட்டும் அல்லது தாத்தா, ஆயா மட்டும் வளர்க்கும் பிள்ளைகள் உண்டு. 'உன்னை வளர்த்தவர்களின் வழி' என்று தலைப்பிட்டால் யாருக்கும் குறை தோன்றாது.

வரைபடமும் ஒரு பக்கம் சார்ந்தே பேசும் என்பதை மாணவர் உணர வேண்டும். ஒவ்வொரு தாளைப் பார்த்தும் மூன்று கேள்விகள் கேட்கிறோம். யார் வரைந்தார்கள்? எதற்காக? எதை விட்டுவிட்டார்கள்? வரி கணக்கிட வரைந்தவருக்கு விளையும் நிலம் முக்கியம். படை நடத்த வரைந்தவருக்குச் சாலை முக்கியம். பிள்ளை விளையாடிய இடம் இருவருக்கும் தேவைப்படவில்லை.

பிற பாடங்களோடும் கீழ் வகுப்புகளோடும்

கணக்கு ஆசிரியருக்கு இதில் நல்ல வேலை இருக்கிறது. பழைய அளவையின் சங்கிலி 66 அடி நீளம், அதில் 100 கண்ணிகள். 1 சங்கிலி அகலமும் 10 சங்கிலி நீளமும் உள்ள செவ்வகம் சரியாக 1 ஏக்கர், அதாவது 43,560 சதுர அடி. நம் சீமையின் காணி 57,600 சதுர அடி. 240 அடிப் பக்கமுள்ள சதுரம் என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். அதில் 24 மனைகள் அடங்கும். ஒரு மனை 2,400 சதுர அடி. மனை விற்பனை விளம்பரப் பலகைகளில் வரும் 'கிரவுண்டு' இதுவேதான் என்று சொன்னால் வழியெங்கும் உள்ள பலகைகள் பாடமாகிவிடும். கயிற்றில் 66 அடி அளந்து விளையாட்டுத் திடலை அளக்கலாம்.

தமிழாசிரியர் பாக்கம், பட்டு, ஊர், மங்கலம் என முடியும் பெயர்களைத் தொகுக்கலாம். அருகில் உள்ள மணிமங்கலம், பல்லவர் காலக் கூரம் செப்பேட்டில் போர்க்களமாகக் குறிக்கப்படும் ஊர். வரலாற்றை இன்னும் பின்னால் கொண்டுபோக, 2022இல் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்து கற்கருவிகளைக் கண்டெடுத்த வடக்குப்பட்டு இருக்கிறது.

தொடக்கப் பள்ளியில் முதல், மூன்றாம் செயல்பாடுகளோடு நிறுத்திக்கொள்ளலாம். 4, 5ஆம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளி வளாகத்தை வரைந்து, 'ஆயா படித்தபோது இங்கே என்ன இருந்தது?' என்ற ஒரே கேள்வியை வீட்டில் கேட்டு வந்தால் போதும்.

மதிப்பீட்டுக்குத் தனித் தேர்வு வைப்பதில்லை. கோட்டு அளவையைப் பயன்படுத்தி இரண்டு இடங்களின் தொலைவைக் கூற முடிகிறதா, 5 முறைக்குறியீடுகளை நிலத்தில் அடையாளம் காண முடிகிறதா, வரைபடம் சொன்னதையும் பெரியவர் சொன்னதையும் தனித்தனியே பதிவு செய்து ஒப்பிட முடிகிறதா என்ற மூன்றையும் பார்க்கிறேன். மூன்றாவது திறனே வரலாற்றுப் பாடத்தின் அடிப்படை. இரண்டு சான்றுகள் முரண்படும்போது ஒன்றை அழித்துவிடாமல், இரண்டையும் எழுதி, காரணத்தைத் தேடப் பழகுகிறார்கள்.

செய்துபார்க்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். எல்லாத் தாள்களும் கிடைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வரைபடங்கள் காப்பகங்களில் பத்திரமாக இருக்கின்றன. அடுத்த ஆண்டும் கிடைக்கும். கழனியின் பெயர் தெரிந்த பெரியவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. கிடைத்த ஒரு தாளைப் படி எடுத்து, இந்தப் பருவத்திலேயே பிள்ளைகளின் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். அவர்கள் கொண்டுவரும் பெயர்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பள்ளி நூலகத்தில் வையுங்கள். அடுத்து வரும் வகுப்பு அதிலிருந்து தொடரும்.